எட்டாம் மாதத்தில் ஒரு நெஞ்சுப் படம்

"முழுகாம இருக்கீங்களா?"

எக்ஸ்ரே சார் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமல்ல, இந்தக் கேள்விதான். கர்ப்பமா என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் பெண்களைப் பெண்கள் கேட்பார்கள், அதுவும் குரலைத் தணித்துக் கேட்பார்கள். இவர் ரேஷன் கடையில் கார்டு எங்கே என்று கேட்கிற குரலில் கேட்பார். கேட்கும்போது எதிரே இருப்பவரைப் பார்க்க மாட்டார், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். அது மரியாதை என்பது அவர் எண்ணம். பார்க்கிறவர்களுக்கோ, அவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். வாசலில் கவுண்டர், அதில் நான். இடது பக்கம் ஸ்கேன் அறை. அதற்கு ஒரு டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து வருவார். வலது பக்கம் எக்ஸ்ரே அறை, அதற்கு இவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அரைக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் குத்திய ஒரு பிளாஸ்டிக் பட்டை. அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அளக்கிற பட்டை அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தபாலில் அனுப்பிப் பார்ப்பார்கள். டீ குடிக்கப் போகும்போது மட்டும் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். டீக்கடை வெயிலை எல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்.

பெண் என்றால் கேட்பார், அவ்வளவுதான். வயது பார்க்க மாட்டார், ஆள் பார்க்க மாட்டார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட தலைமையாசிரியை ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். ஊரில் பாதிப் பேரை பெஞ்சு மேல் நிற்க வைத்தவர். இவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். டீச்சர் எழுந்து நேராக எங்கள் முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி வந்து, இனிமேல் ஆள் பார்த்துக் கேளுங்கள், எல்லாரையும் கேட்க வேண்டாம் என்றார். சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முதலாளி முன்னால் வைத்து, யார் யாரையெல்லாம் கேட்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். முதலாளி அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அப்புறம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை ஏறுகிறவர்கள் எங்களுக்கு வருவார்கள். ராஜகிரிப் படிகளில் வழுக்கியிருப்பார்கள், அல்லது குரங்குக்குப் பயந்து குதித்திருப்பார்கள். அப்படி ஒரு தரம் சென்னைக் கல்லூரிப் பெண் ஒருத்தி கணுக்கால் வீங்கி வந்தாள். கூடப் படிக்கிறவன் ஒருவன் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தான். சார் கேட்டார். அந்தப் பெண் சாதாரணமாக இல்லை என்றாள். கூட வந்தவனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. என்னிடம் தண்ணீர் கேட்டு இரண்டு டம்ளர் குடித்தான்.

அவருடைய மனைவியே ஒரு நாள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேரப்பிள்ளை எடுத்தவர். அவரையும் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாம எனக்கு இருக்குமா?" என்றார் அந்த அம்மா.

சார் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்று சொன்ன பிறகுதான் பட்டனில் கை வைத்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. கடையிலிருந்து பரோட்டா வாங்கி வரச் சொல்லிச் சாப்பிட்டார்.

இப்படி ஒரு மனிதர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? எக்ஸ்ரேவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஜென்மப் பகை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஸ்கேனுக்கு வருகிற கர்ப்பிணிகள் எக்ஸ்ரே அறைக் கதவைத் தாண்டும்போது முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு சுவரோரமாகப் போவார்கள். ஒரு மாமியார், என் மருமகள் ஸ்கேன் முடித்து வெளியே வரும் வரைக்கும் அந்த மெஷினை அணைத்து வை என்று சாரிடமே வந்து கேட்டார். சார் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தார். அந்த அம்மா நிம்மதியாக உட்கார்ந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அணைக்காமல் இருந்தால் உண்மையிலேயே கதிர் வெளியே வருமா என்று அப்புறமாகக் கேட்டேன்.

"பட்டன அழுத்துனா வரும், அதுவும் ஒரு செகண்டு கூட இல்ல. மத்த நேரமெல்லாம் அது பீரோ" என்றார்.

கேட்டால் சொல்வார், அதுதான் அவரிடம் இருந்த குணமும் குறையும். தானாக வாய் திறந்து எதையும் விளக்க மாட்டார். முழுகாமல் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அதன் பிறகு என்ன செய்வீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. நாலு வருஷம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைக்க ஒரு காரணமும் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் இடுப்பு வலிக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண், இவர் கேட்டதும் யோசித்து, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். சார் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒன்றை வைத்து நான் ஒரு சட்டமே எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு, வயிறு தெரிகிற எந்தப் பெண் எக்ஸ்ரே சீட்டோடு வந்தாலும் கவுண்டரிலேயே நிறுத்தி, பிரசவம் ஆன பிறகு வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று என் நினைப்பு. ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை. எல்லாரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சார் மட்டும் ஒரு தரம் ஆச்சரியப்பட்டார். இத்தனை வருஷமாகக் கேட்கிறேன், அந்த இடுப்பு வலிப் பெண்ணுக்குப் பிறகு இந்த ஊரில் ஒருத்தி கூட ஆமாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாளே என்றார். நான் சிரித்தேன். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசிக்கிற அறிவு எனக்கு அப்போது இல்லை.

ஒரு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். மேல்சித்தாமூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் வந்தார்கள். பச்சைப் புடவை, இரண்டு கை நிறைய வளைகாப்பு வளையல். எட்டு மாதம். இருமிக்கொண்டே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் இருமல் அதிகமாகிறது என்று நின்றாள். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினாள். கையில் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு டாக்டர் சீட்டு. நான் வழக்கம்போல வயிற்றைப் பார்த்தேன், வழக்கம்போலச் சொன்னேன். மாமியார் என்னைக் கும்பிட்டு, நல்லவேளை சொன்னியேம்மா என்றார். அந்தப் பெண் மட்டும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இருவரும் போய்விட்டார்கள். பெயரைக் கூட நான் எழுதிக்கொள்ளவில்லை.

கால் மணி நேரம் கழித்து அந்தச் சீட்டை எழுதிய டாக்டர் போன் செய்தார். சார்தான் எடுத்தார். பேசிவிட்டு என்னிடம் வந்து, எட்டு மாசப் பெண் ஒருத்தி நெஞ்சுப் படத்துக்கு வந்தாளா என்று கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

"வந்தாங்க சார். டெலிவரி ஆயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அவர் முதல் முறையாகக் காலண்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு மூச்சு வுட வாணாமா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விவரம் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவள் நுரையீரலில் சளிக் காய்ச்சலோ என்று டாக்டருக்குச் சந்தேகம், படம் பார்க்காமல் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான்: சார் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததே இல்லை. கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

ஆடி வெள்ளி என்றால் செஞ்சி பஸ் ஸ்டாண்டைச் சொல்ல வேண்டாம். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டமே பாதி இருக்கும். முகம் தெரியாத ஒரு கர்ப்பிணியை அந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவது? சாருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். பஸ் பஸ்ஸாக முன்படியில் ஏறி, பெண்கள் இருக்கைப் பக்கம் திரும்பி, அதே குரலில், யாராவது முழுகாமல் இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். முதல் பஸ்ஸில் சிரித்திருக்கிறார்கள். இரண்டாவதில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பஸ்ஸின் வாசலில் ஒருவர் இவருடைய சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. இவர் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பட்டைய காணம்" என்றார் என்னிடம்.

இவர் எக்ஸ்ரே எடுக்கிறவர் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். எக்ஸ்ரே எடுக்கிறவர் பஸ்ஸில் ஏறி ஏன் இதைக் கேட்க வேண்டும் என்று ஒரு அம்மா நியாயமாகவே திருப்பிக் கேட்டார். காலரைப் பிடித்தவர் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் பக்கத்தில் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸின் ஜன்னலில் வளையல் கை ஒன்று தெரிந்தது. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை வைத்து அந்தப் பெண் குனிந்திருந்தாள். உதடு ஒரு மாதிரி கறுத்திருந்தது. கவுண்டரில் நான் அவள் உதட்டைப் பார்க்கவே இல்லை, வயிற்றைத்தான் பார்த்தேன்.

சார் காலரை விடுவித்துக்கொண்டு போய் அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் ஏறி, இறங்கி வாங்க, படம் எடுக்கணும் என்றேன்.

"நீதானம்மா எடுக்கக் கூடாதுன்ன" என்றார் மாமியார்.

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் தப்பு செய்திருக்கிறேன், ஆனால் இப்படி ஐம்பது பேருக்கு நடுவில், டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதில்லை.

மாமியார் நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது ஒரு பேச்சு, இப்போது ஒரு பேச்சு. அதுவும் சொல்கிறவள் ஒரே ஆள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீயா வந்து நிற்பாய் என்று கேட்டார். அதற்குள் சார் படியேறி வந்திருந்தார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நெஞ்சுலதாம்மா எடுக்கறது. வயித்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி, அதால கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. சும்மா எடுக்கக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறது. தேவைன்னா எடுக்கணும். அம்மாவுக்கு மூச்சு இல்லன்னா உள்ள இருக்கறதுக்கு எங்கேர்ந்து வரும்?"

கண்டக்டர், இறங்குவதானால் இறங்குங்கள், வண்டி எடுக்கணும் என்றார். மாமியார் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு படியிறங்கினாள். வேறு வழியில்லாமல் மாமியாரும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

எக்ஸ்ரே அறைக்குள் அன்று நானும் போனேன். சார் ஈயக் கோட்டை எடுத்து அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். தாலியை நெஞ்சின் மேலிருந்து தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னார். கையை இடுப்பில் வைத்து, மோவாயைத் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் இழுப்பாள், பாதியில் இருமல் வந்துவிடும். இரண்டாவது படம் எடுக்கிற பேச்சே கிடையாது என்பதால் அவர் பட்டனை அழுத்தாமல் காத்திருந்தார். மறுபடி இழுப்பாள், மறுபடி இருமல். மாமியார் வெளியே சத்தமாக அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ தரம், இரண்டு இருமலுக்கு நடுவே ஒரு நொடி அவள் நின்றாள். சார் அழுத்தினார்.

படம் வந்ததும் வலது பக்கம் கீழே பாதி வெள்ளையாக இருந்தது. அது என்ன என்று சார் யாரிடமும் சொல்லவில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது. படத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு டாக்டரிடம் போனார். ஒரு மணிக்குள் அவளை விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்தவரிடம், அந்த ஈயக் கோட்டு கட்டாயமா சார் என்று கேட்டேன். கேட்டால்தானே சொல்வார்.

"வயித்துக்கு இல்ல. மாமியாருக்கு" என்றார்.

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால், 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று என் தலைக்கு மேல் நாலு வருஷமாகத் தொங்கிய போர்டுக்குக் கீழே, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'தெரிவித்தால் போதும். திரும்பிப் போக வேண்டாம்.' அதுதான் அவர் எனக்குச் செய்த விசாரணை. பட்டையை ஒரு பழக்கடைக்காரர் எடுத்து வைத்திருந்து கொடுத்தார். அந்த மூன்று மாதக் கணக்கில் ஒரு பழக்கடையும் சேர்ந்துவிட்டதே என்று அதற்குத்தான் வருத்தப்பட்டார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. அவள் கிராமம் எது என்று சரியாகத் தெரியாததால் அங்கே போய் விசாரிக்கவும் முடியவில்லை. டாக்டரிடம் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பொங்கல் வரைக்கும் அப்படியே போனது. இதைச் சொல்கிற இன்றைக்குச் சார் ஊரில் இல்லை, மகள் வீட்டோடு ஆரணிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அவரும் அந்த மாதங்களில் பயந்துகொண்டிருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் நான் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் வந்தார்கள். மாமியார் முன்னால், மருமகள் பின்னால். மாமியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போய்ச் சாரை வெளியே கூப்பிட்டு, கையிலிருந்த குழந்தையின் சட்டையை இடுப்புக்கு மேலே தூக்கிக் காட்டினார். பெண் குழந்தை. இடது தொடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம்.

"பாத்துக்கோ. உன் மெஷினு பட்ட எடம்" என்றார்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுப்பாகக் குனிந்து பார்த்தார். நான் எடுத்தது நெஞ்சு என்றார். நெஞ்சில் பட்டது கீழே இறங்காதா என்றார் மாமியார். இறங்காது என்றார் சார். இறங்கியிருக்கிறதே என்று மாமியார் மச்சத்தைத் தொட்டுக் காட்டினார். பெஞ்சில் ஸ்கேனுக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். சார் என்ன சொன்னாலும் இனி அது அவர் தொழிலுக்காகச் சொல்வதாகத்தான் ஆகும், அது அவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேசியிருக்க வேண்டும். பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தப் பெண் பேசினாள். மூச்சு விடாமல், ஒரே வாக்கியமாக வந்தது.

"மச்சம் இருந்தா இருந்துட்டு போவுது அத்த, நான் இருக்கேன் இல்ல?"

மாமியார் அவளைப் பார்த்தார். பிறகு குழந்தையின் சட்டையை இறக்கிச் சரிசெய்தார். நான் இப்ப இன்னா சொல்லிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை இழுத்துக்கொண்ட பெண் அவருக்குத் தள்ளி இடம் கொடுத்தாள்.

நுரையீரல் சரியாகிவிட்டதா என்று பார்க்க டாக்டர் மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சீட்டை என்னிடம் கொடுத்தாள். குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். மாமியாரின் முகம் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கவுண்டரைச் சுற்றி வந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கனமான குழந்தை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். உள்ளே சார் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது கேட்டது. இருமல் வரவில்லை. நான் திருப்பி அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி என் மடியில் உட்கார்ந்து என் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருந்தாள்.